ஆங்கிலத்தில் இல்லாத வியாதி

என் அண்ணிக்கு இருந்த வியாதிக்கு ஆங்கிலத்தில் பெயர் கிடையாது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். வியாதிக்கு மொழி ஏது என்கிறார்கள். என் வேலையை ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

நான் பிரெஞ்சு மருத்துவக் காகிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறவள். மருந்துச் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, ஆபரேஷன் குறிப்பு, டாக்டருக்கு டாக்டர் எழுதும் கடிதம் என்று எது வந்தாலும் எங்கள் அலுவலகத்தில் என் மேஜை வழியாகவோ எதிர் மேஜை வழியாகவோதான் போக வேண்டும். எலும்பு, ரத்தம், சிறுநீரகம் எல்லாம் தொல்லை தராது. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே பழைய லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் கடன் வாங்கியவர்கள்தான். சொல்லின் வாலைக் கொஞ்சம் மாற்றி ஒட்டினால் வேலை முடிந்தது. ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசுகிற வியாதிகள்தான் உயிரை வாங்கும். பிரெஞ்சுக்காரர் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு மறுநாள் சுருண்டு படுத்தால் அவருக்கு வந்தது கல்லீரல் கோளாறு. அதே சாப்பாட்டைத் தின்ற ஆங்கிலக்காரருக்கு வெறும் அஜீரணம். அங்கே பெண்களுக்குச் சாயங்காலமானால் கால் கனக்கும். அதற்கென்று மருந்துக்கடையில் தனித் தட்டே இருக்கும். இங்கே கால் கனத்தால் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

அண்ணியின் வியாதி அந்த வகையைச் சேர்ந்தது. ஸ்பாஸ்மோஃபிலி என்று பெயர். பிரெஞ்சு பேசும் ஊர்களில் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரிந்த சொல். திடீரென்று உதட்டைச் சுற்றி மரத்துப் போகும். விரல்கள் குறுகுறுக்கும், இழுத்துப் பிடிக்கும். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். டாக்டர் பரிசோதித்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் இந்தப் பெயரை எழுதி, மெக்னீசியம் மாத்திரை கொடுத்து அனுப்புவார். இங்கே இருக்கும் டாக்டரிடம் போய் அந்தப் பெயரைச் சொன்னால் உங்களையே உற்றுப் பார்ப்பார்.

அண்ணனும் அண்ணியும் பிரெஞ்சு பேசும் அந்தப் பக்கத்தில் வெகு காலம் குடித்தனம் நடத்திவிட்டு, போன வருடம்தான் ஆங்கிலம் பேசும் இந்த ஊருக்கு, நான் இருக்கும் இடத்துக்கு வந்தார்கள். வந்த சில மாதங்களிலேயே அண்ணிக்கு ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை கிடைத்தது. கிடைத்த மாதிரிதான். அவர்களுடைய டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்னால் சேர்ந்துவிடலாம். அதற்குப் பழைய மருத்துவக் கோப்பு ஆங்கிலத்தில் வேண்டும்.

அண்ணி அதைத் தூக்கிக்கொண்டு நேராக என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. அகராதி என்பார். என் பிழைப்பையும் சொன்ன மாதிரி ஆயிற்று, என் குணத்தையும் சொன்ன மாதிரி ஆயிற்று.

“இந்தா அகராதி, என் சரித்திரம் மொத்தமும் இதுல இருக்கு. நல்லபடியா எழுதிக் குடு.”

“சொந்தக்காரங்க காகிதத்த நான் தொடக்கூடாது அண்ணி. ஆபீஸ் சட்டம்.”

“தொடக்கூடாதா? அப்புறம் எதுக்கு உன்ன இத்தன வருஷமா நாத்தனார்னு வச்சுக் காப்பாத்திட்டு வரேன்?”

“எதிர் மேஜைக்காரர் பண்ணுவாரு. என்னவிட நல்லா பண்ணுவாரு.”

“அவருக்கு என்னத் தெரியாதே,” என்றார் அண்ணி. விளையாட்டாகச் சொல்லவில்லை.

எதிர் மேஜைக்காரரை நாங்கள் சல்லடை என்போம். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். என் வேலையை அவர் சரி பார்ப்பார், அவர் வேலையை நான் சரி பார்ப்பேன். ஒரு காற்புள்ளிகூட அவரிடமிருந்து தப்பாது. எங்கள் மேஜைகள் இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டிக் கிடக்கும். நடுவில் முதுகு பிய்ந்த மருத்துவ அகராதிகள் சுவர் மாதிரி நிற்கும். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். கம்ப்யூட்டரில் எங்களுக்கென்று ஒரு சொல் வங்கி உண்டு. பிரெஞ்சுச் சொல்லைத் தட்டினால் ஆங்கிலச் சொல் வரும். பச்சை நிறத்தில் வந்தால் ஒப்புக்கொள்ளப்பட்டது, யோசிக்காமல் போடலாம். பச்சை மேல் எங்களுக்கெல்லாம் அப்படி ஒரு மயக்கம்.

சல்லடை கோப்பை முடித்து, முத்திரை குத்தி, உறையில் போட்டு, “உங்க அண்ணிகிட்ட குடுத்திருங்க,” என்று நீட்டினார். எடுத்துப் போகக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. லிஃப்ட் வருவதற்குள் பிரித்துவிட்டேன். முதல் பக்கத்தைப் படித்தேன், இரண்டாவதைப் படித்தேன். லிஃப்ட் வந்து கதவைத் திறந்து காட்டிவிட்டுத் தானாகவே கீழே போனது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திரும்பி அவர் மேஜைக்கே போனேன்.

“சார், இது என்ன?”

“எது?” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“பக்கத்துக்குப் பக்கம் ஆங்சைட்டி டிஸார்டர்னு போட்டிருக்கீங்க. அவங்களுக்கு மனப்பதற்ற நோய்னு எந்த டாக்டர் சொன்னாரு?”

“ஸ்பாஸ்மோஃபிலிக்குச் சொல் வங்கியில அதுதான் பச்சையில இருக்கு. எல்லாரும் அதத்தான் போடறோம். போன மாசம் ஒரு பொண்ணோட கோப்புல நீங்களே போட்டீங்க, நான்தான் சரி பார்த்தேன்.”

“அது வந்து…”

“அது வேற யாரோட அண்ணியோ,” என்றார் சல்லடை.

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. இருக்கிறதை இருக்கிறபடி சொன்னார், அவ்வளவுதான். என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அகராதிகளுக்கு மேலாக அவர் நெற்றி மட்டும் தெரிந்தது. நான் கோபத்தில் பேசினால் காரியம் கெடும் என்று எனக்குத் தெரியும்; ஆனால் கோபம் இல்லாமல் பேச எனக்கு வராது.

“சரி சார். எங்க அண்ணிய விடுங்க. அந்தப் போன மாசப் பொண்ணையே வச்சுக்கலாம். அந்த ஊர் டாக்டர் மனசுல கோளாறுன்னு எழுதினாரா? இல்ல. உடம்புல கோளாறுன்னு எழுதினாரா? அதுவும் இல்ல. எதுன்னு தெரியாம நடுவுல நின்னுட்டு ஒரு பேர வச்சாரு. நாம அந்தப் பேரப் புடிச்சு ஒரு பக்கமா தள்ளி விடறோம். இது மொழிபெயர்ப்பு இல்ல சார், வைத்தியம். நமக்கு எவன் பட்டம் குடுத்தான்?”

சல்லடை உறையைக் கேட்டு வாங்கினார். “பச்சையில இருக்கிறது தப்புன்னு நீங்க சொல்ல முடியாது. ஆனா சரின்னு நானும் சொல்ல முடியாது. பிரெஞ்சுச் சொல்லையே விட்டுட்டு அடியில குறிப்பு போடலாம். ஆனா ஒண்ணு, குறிப்புல இருக்கிறது எல்லாம் இந்தக் கோப்புல டாக்டர் எழுதினதா இருக்கணும். உங்க அண்ணி உங்ககிட்ட சொன்னது எதுவும் வரக்கூடாது.”

அதற்காகத்தான் மூலக் கோப்பை முதலிலிருந்து புரட்டினார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நானும் பார்த்தேன். முதல் கடிதத்தில் அந்த டாக்டர் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். எங்கே மரத்தது, எந்த விரல் மடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது எல்லாம் இருந்தது. நல்ல மனிதர், உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். கடைசி வரியில் அந்தப் பெயர். அடுத்த கடிதத்தில் ‘மீண்டும் ஸ்பாஸ்மோஃபிலி’. அதற்கடுத்து ‘வழக்கமான ஸ்பாஸ்மோஃபிலி’. அப்புறம் வருடக்கணக்காக அதே ஒரு வரிதான். ஒன்றில் அன்பாக ‘நம்முடைய பழைய ஸ்பாஸ்மோஃபிலி’ என்றுகூட எழுதியிருந்தார். என்ன நடந்தது என்று அதன் பிறகு யாரும் எழுதவே இல்லை.

“பேரு வச்சதும் பார்க்கிறத நிறுத்திட்டாங்க,” என்றார் சல்லடை மெதுவாக.

முதல் கடிதத்திலிருந்து மூன்று வரி எடுத்துக் குறிப்பு எழுதினார். ‘இதற்கு நிகரான ஆங்கில நோய்ப் பெயர் புழக்கத்தில் இல்லை’ என்று முடித்தார். எங்கள் அலுவலகத்தில் அந்த மாதிரி ஒரு வாக்கியம் எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கையெழுத்துப் போட்டபோது அவர் முகம் சரியில்லை.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜையில் காகிதங்களைப் பரப்பினேன். அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

“என்ன இது? ஆங்கிலத்துக்கு நடுவுல இது மட்டும் அப்படியே நிக்குது?”

“அதுக்கு இங்க பேரு இல்ல அண்ணி.”

“அப்போ அந்த டாக்டருக்கு எப்படிப் புரியும்?”

“புரியாது. உங்களக் கேப்பாங்க.”

“கேட்டா வேலை போச்சு! விளங்காத பேருல ஒரு வியாதி இருக்கறவ கையில குழந்தையக் குடுப்பாங்களா? உன்ன நம்பிக் குடுத்தேன் பாரு.”

அண்ணன் உள்ளே இருந்து வந்தான். அவன் சாது. சண்டை என்றால் பக்கத்து அறைக்குப் போய்விடுகிற ரகம். அன்றைக்கு ஏனோ வந்து நின்றான். “சும்மா எதையாவது நல்லதா போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல? யாரு பார்க்கப் போறாங்க?”

“போட்டுத்தான் இருந்தாங்க. மனப்பதற்ற நோய்னு.”

அண்ணி என்னையே பார்த்தார். “மனப்பதற்றமா? எனக்கா?”

“சரியாத்தானே இருக்கு,” என்றான் அண்ணன். “நானும் இத்தன வருஷமா அப்படித்தான நெனச்சுட்டு இருக்கேன்.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தேன் என்று சொல்கிற மாதிரி சொன்னான். அதனால்தான் அது அப்படி விழுந்தது. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது வரும்போது ஒவ்வொரு தடவையும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிடுவான். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, மூச்ச மெதுவா விடு என்பான். ஆறுதலுக்குச் சொல்கிறான் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். நிஜமாகவே ஒன்றுமில்லை என்று அவன் நம்பிக்கொண்டிருந்தது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“நான் நடிக்கறேன்னு நெனச்சீங்களா?”

“நடிக்கறன்னு இல்ல… மனசு பயந்துக்குது, ஒடம்பு கேட்டுக்குது…”

“நல்லா பேசறீங்க.” அண்ணி காகிதங்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். குரல் இறங்கிவிட்டது. “அகராதி, இதையே குடு. வேலை கிடைச்சா கிடைக்கட்டும், போனா போகட்டும். நான் சொல்றது நிஜமா பொய்யான்னு யாராவது ஒருத்தர் பார்க்கட்டும். நீயும் வா. டாக்டர் பாஷை எனக்கு ஆங்கிலத்துல வராது.” அண்ணனைப் பார்த்து, “நீங்களும் வாங்க,” என்றார்.

காப்பகத்தின் டாக்டர் ஒரு பெண். சிரிப்பு கிடையாது, வளவளப்பு கிடையாது. சின்ன அறை, எடை பார்க்கும் இயந்திரம், காகிதம் விரித்த கட்டில், பாதி மூடிய ஜன்னல் தடுப்பு. நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்ததும் அறையே நிறைந்துவிட்டது. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சொல்லில் பேனாவை ஊன்றினார்.

“இது என்னன்னு எனக்குத் தெரியாது. புத்தகத்துலயும் தேடினேன். ஆங்சைட்டின்னு எழுதியிருந்தா இந்நேரம் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன், இங்க பாதிப் பேருக்கு அது இருக்கு.” நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததைக் கேட்டார். “பேரு வேணாம். உங்களுக்கு என்ன ஆகும்? முதல்லேர்ந்து சொல்லுங்க.”

அண்ணி சொல்ல ஆரம்பித்தார். நான் மொழிபெயர்த்தேன். எவ்வளவோ டாக்டர்களுடைய வாக்கியங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். வியாதிக்காரர் வாயிலிருந்து நேராக வருவதை அன்றைக்குத்தான் முதல் தடவையாக மொழிபெயர்த்தேன். டாக்டர் குறுக்கே குறுக்கே கேட்டார். வாந்தி பேதி வந்தால் அதிகமாகுமா? ஆமாம். தண்ணீர் நிறையக் குடிப்பீர்களா? ஆமாம். ஏதாவது சாப்பிட வேண்டும் என்று மனசு அலையுமா? அண்ணி கூச்சத்தோடு, “உப்பு,” என்றார். “யாரும் இல்லாதப்போ ஒரு துளி நாக்குல வச்சுப்பேன். சின்ன வயசுலேர்ந்தே.” அண்ணன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கே தெரியாது.

டாக்டர் எழுந்து வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அண்ணியின் கையில் சுற்றினார். காற்றடித்தார். அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஆனால் காற்றை விடவில்லை, இன்னும் கொஞ்சம் ஏற்றி அப்படியே நிறுத்தினார். “கொஞ்சம் வலிக்கும். பரவாயில்ல, பேசிட்டிருங்க. காப்பகத்துல என்ன வேலை?”

அண்ணிக்கு அது பிடித்த பேச்சு. எனக்காகக் காத்திருக்காமல் தன்னுடைய அரைகுறை ஆங்கிலத்திலேயே இறங்கிவிட்டார். சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கிற குழந்தையின் எதிரில் முதலில் பொம்மைக்குத்தான் ஊட்ட வேண்டும், அப்போதுதான் அதற்குப் பொறாமை வரும் என்று விளக்கினார். சிரித்தார். முகத்தில் பயமோ பதற்றமோ மருந்துக்கும் இல்லை. அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை மடங்கியது. மணிக்கட்டு வளைந்தது, விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டின, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்ப் படுத்தது. அண்ணி பேச்சை நிறுத்திக் கையைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

டாக்டர் காற்றை விட்டார். “இத மனசால பண்ண முடியாது,” என்றார் சாதாரணமாக. நான் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவை இருக்கவில்லை. அண்ணன் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக நீவிவிட்டான். ஒண்ணுமில்ல என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், திரும்பவும் எடுத்தார்கள். பொட்டாசியம் குறைவு, மெக்னீசியம் குறைவு. உடம்புக்கு வேண்டிய உப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்ள அண்ணியின் சிறுநீரகத்துக்குத் தெரியவில்லை. வருவதையெல்லாம் வெளியே விட்டுவிடுகிறது. பிறவியிலேயே வருவது. அதற்குப் பெயர் இருக்கிறது, இரண்டு மொழியிலும் அதே பெயர். கண்டுபிடித்த டாக்டரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பழைய டாக்டர் கொடுத்த மாத்திரையும் தப்பு இல்லை, போதவில்லை, அவ்வளவுதான். கொஞ்சம் கேட்டது. கொஞ்சம் கேட்டதால்தான் எல்லாரும் திருப்தியாக இருந்துவிட்டார்கள். இனி மருந்து சரியாகச் சாப்பிட்டு, அவ்வப்போது ரத்தம் பார்த்துக்கொண்டால் போதும், தாராளமாக வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். காப்பகத்துக்காரர்களும் காத்திருந்தார்கள். அண்ணி சேர்ந்துவிட்டார்.

கடைசியாகப் பார்த்தபோது டாக்டர் ஒன்று கேட்டார். கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா?

அண்ணிக்கு ஒரு தங்கை. அங்கேயே இருக்கிறாள். அவளுக்கும் விரல் மடங்கும். அவள் கோப்பிலும் அந்தச் சொல்தான். அக்காவும் தங்கையும் ஒரே மாதிரி பயந்தாங்கொள்ளிகள் என்று இரண்டு குடும்பத்திலும் கேலி பேசுவார்களாம். அவளுடைய டாக்டருக்குக் கொடுப்பதற்கு நான் அண்ணியின் ஆங்கில அறிக்கையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன். அலுவலக முத்திரை இல்லாமல், வீட்டு மனுஷியாக. ஒரு சொல்கூட இடறவில்லை. எனக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி அவளைப் போனில் கூப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் கேட்கும்படி மேஜையில் வைத்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் சந்தோஷப்படுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

“அக்கா, உனக்கு என்னமோ கண்டுபிடிச்சிருக்காங்க, சந்தோஷம். எனக்கு இருக்கறது ஸ்பாஸ்மோஃபிலி. என் டாக்டருக்குத் தெரியும். என் ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். முடியலன்னா, சரி போய்ப் படுங்கன்னு விடறாங்க. என் வீட்டுக்காரரே இப்பத்தான் ஒரு வழியா அதப் புரிஞ்சுக்கிட்டாரு. இப்ப வந்து அது இல்ல, அப்படி ஒண்ணு கெடையவே கெடையாதுன்னா நான் யாருகிட்டப் போய் என்ன சொல்ல? இத்தன வருஷம் நான் என்ன பொய்யா சொல்லிட்டிருந்தேன்?”

எனக்கு வாய் துறுதுறுத்தது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எதை மூடி மறைக்கிறது, ஏன் இங்கே செல்லாது என்று என்னிடம் பெரிய பிரசங்கமே தயாராக இருந்தது. “இல்லம்மா, அது என்னன்னா,” என்று ஆரம்பித்தேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார். சும்மா இரு என்று அர்த்தம். போன் பக்கம் குனிந்தார்.

“நீ பொய் சொல்லலடி. உன்ன யாரும் எதையும் விட்டுக் குடுக்கச் சொல்லல. பேர நீயே வச்சுக்க. ரத்தத்த மட்டும் குடு.”

தங்கை போனை வைத்துவிட்டாளோ என்று அண்ணன் எட்டிப் பார்த்தான். மூச்சு விடும் சத்தம் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“வெறும் வயித்தோட போகணுமாக்கா?” என்றாள்.